ஊர் ஊராய்த் தங்கி, குமானோ வரை

ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. புல்லட் ரயிலின் ஜன்னலில் அது பச்சைக் கோடாக ஓடி மறைந்துவிடுகிறது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தக் காட்டுக்குள் ஊர்கள் இருப்பதே தெரியாமல் போகிறது. நானும் என் அக்காவும் ஓர் இலையுதிர் காலத்தில் அந்த ஊர்களுக்குத்தான் போனோம். கீ தீபகற்பத்தில் குமானோ கோதோ என்னும் பழைய யாத்திரைப் பாதையில் நடந்தோம். பிறகு வடக்கே கிசோ பள்ளத்தாக்கிலும் சில இரவுகள் தங்கினோம்.

அக்கா அறுபதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, முட்டைகூடத் தொடாத சைவம். வயதானவர்களால் முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்ற இரண்டையும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முடியும், கிடைக்கும். ஆனால் அந்த ஊர்களின் நேரத்துக்கு நாம் நடக்க வேண்டும். நம் அவசரத்துக்கு அவை வளைந்து கொடுக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் எளிது.

கீ தீபகற்பம் ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் மலைநாடு. ஹொங்கூ, ஹயதாமா, நாச்சி என்ற மூன்று பெரிய ஷிண்டோ கோயில்களுக்கு ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இங்கே நடந்து வந்திருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரரசர் கோ-ஷிரகாவா, அரியணையை விட்ட பிறகு கியோட்டோவிலிருந்து 30 முறைக்கு மேல் இந்த யாத்திரை வந்தார். அரசர், வீரர், குடியானவர் என்று எல்லாத் தரத்தாரும் சாரைசாரையாக வந்ததால் 'எறும்புகளின் குமானோ யாத்திரை' என்றே ஒரு வழக்கு உண்டு. 2004-இல் இந்தக் கோயில்களும் பாதைகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பாதை ஒன்றல்ல, பல கிளைகள். நாங்கள் நடந்தது மேற்குக் கரையிலிருந்து மலையைக் குறுக்காகக் கடக்கும் நாகாஹெச்சி. தகிஜிரியிலிருந்து ஹொங்கூ வரை சுமார் 38 கிலோமீட்டர்.

இதை இரண்டே நாளில் நடந்து முடிக்கிறவர்கள் உண்டு. பஸ்ஸில் போய்க் கடைசி 7 கிலோமீட்டரை மட்டும் நடந்துவிட்டு அன்றே திரும்புகிறவர்கள் இன்னும் அதிகம். அவரவர் வசதி. ஆனால் நடுவிலுள்ள சிற்றூர்களில் இரவு தங்காமல் இந்தப் பாதையை அறிய முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட ஊர்கள் இவை. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தங்கும் விடுதி நடத்தும் சில குடும்பங்கள் இருப்பதால்தான் பாதையோரத்தில் இன்றும் அடுப்பு எரிகிறது. இரவு தங்கினால் நம் பணம் அங்கே சேர்கிறது, பேச்சும் சேர்கிறது.

ஷின்-ஒசாகாவில் குரோஷியோ விரைவு ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகிறது கீ-தனாபே வந்து சேர. இறங்கியதும் பஸ் பிடித்து மலைக்குப் போய்விடாமல் அங்கேயே ஓர் இரவு தங்குவது நல்லது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. பாதை வரைபடத்தையும் பஸ் நேர அட்டவணையையும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். வரைபடத்தைவிட அட்டவணைதான் முக்கியம். மலைக்குள் ஒரு நாளைக்குச் சில பஸ்களே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே குலையும். மாலையில் ஊரைச் சுற்றினோம். தோகெய் என்ற கோயிலின் முன்னால் இரண்டு சேவல்கள் மோதும் சிலை இருக்கிறது. கெஞ்சி, ஹெய்கே என்ற இரு குலங்களுக்கு இடையே போர் மூண்டபோது, கடற்படை வைத்திருந்த இவ்வூர்த் தலைவன் யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் சிவப்புச் சேவல்களையும் வெள்ளைச் சேவல்களையும் மோதவிட்டானாம். வெள்ளை வென்றது, அவன் கெஞ்சி பக்கம் போனான் என்பது கதை. 1185-இல் அந்தப் பக்கமே போரில் வென்றது.

மலைப் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பின்கதவால் ஏறும்போது சிறிய எண் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது முன்கதவருகே உள்ள பெட்டியில் சீட்டையும் சரியான சில்லறையையும் போட வேண்டும். பக்கத்திலேயே 1,000 யென் நோட்டைச் சில்லறையாக்கும் இயந்திரம் உண்டு; வண்டி நிற்கும் வேளையில் முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொண்டால் பதற்றமில்லை. கையில் ரொக்கம் தாராளமாக இருக்கட்டும். பல சிறு விடுதிகள் அட்டையை ஏற்பதில்லை. அஞ்சலகத்தின் பணம் எடுக்கும் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கின்றன. ஆனால் மலை ஊர்களில் அவற்றுக்கும் வேலை நேரம் உண்டு. தனாபேயிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

தகிஜிரியில் தொடக்கமே செங்குத்து. தேவதாரு வேர்கள் பின்னிப் பிணைந்து படிகளாகிக் கிடக்கின்றன. முதல் அரை மணி நேரம்தான் மூச்சு வாங்கும். முதுகுச் சுமை இருந்தால் அது இரட்டிப்பாகும். அதனால் பெரிய பைகளைச் சுமந்து நடக்காதீர்கள். ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பையைக் கொண்டு சேர்க்கும் சேவை இந்தப் பாதையில் உண்டு. விடுதியைப் பதிவு செய்யும்போதே அதையும் பதிந்துவிட்டால், காலையில் வாசலில் வைத்த பை மாலையில் அடுத்த ஊரில் நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். நம் தோளில் தண்ணீர், மழையுடை, மதிய உணவு, ஒரு டார்ச் இவை போதும். கைத்தடி இரண்டு கட்டாயம். ஏறும்போது அதன் அருமை தெரியாது. இறங்கும்போது முழங்காலே சொல்லும்.

பாதை தவறுமோ என்ற பயம் வேண்டாம். தகிஜிரி தொடங்கி ஹொங்கூ வரை 500 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட மரக்கம்பங்கள் இருக்கின்றன; கடைசி எண் 75. தவறான கிளைகளின் முகப்பில் 'இது குமானோ கோதோ அல்ல' என்றே பலகை வைத்திருக்கிறார்கள். விழுந்தால், வழி குழம்பினால், கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும், எந்த இடம் என்று மீட்பவர்களுக்குத் தெரியும். 119 ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும்; 110 போலீசுக்கு. பள்ளங்களில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை ஃபோனில் முன்பே இறக்கி வைப்பதோடு காகிதத்திலும் வைத்திருங்கள்.

முதல் நாள் தகாஹாரா வரை மட்டும் நடந்தோம். வெறும் 4 கிலோமீட்டர்தான். "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அக்காவே முதலில் கேட்டார். ஆனால் வயதானவர்களுக்கு இதைவிடச் சிறந்த முதல் நாள் கிடையாது. ஏற்றத்தின் கடினமான பகுதி இதிலேயே முடிந்துவிடுகிறது. பிற்பகலிலேயே மலைமுகட்டு ஊரில் இருக்கிறோம். கீழே படிப்படியாக வயல்கள், எதிரே மலை மேல் மலை. ஊர்க்கோயில் சிறியது; நாகாஹெச்சியில் இன்று நிற்கும் கோயில் கட்டடங்களில் பழமையானது என்கிறார்கள். சுற்றிலும் கற்பூர மரங்கள், ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்கப் பல பேர் வேண்டும்.

இங்கே விடுதி என்றால் ஹோட்டல் இல்லை. மின்ஷுகு என்ற குடும்ப விடுதி. வீட்டின் சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஆளுக்கு 10,000 யென்னுக்கு மேலாகும். ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதலில் குளியல், ஆறு மணிக்குச் சாப்பாடு, எட்டு ஒன்பதுக்கெல்லாம் ஊரே அடங்கிவிடும். தாமதமானால் அவர்கள் கோபிப்பதைவிட, வழியில் என்ன ஆயிற்றோ என்று பயந்துபோவார்கள். ஃபோன் செய்து சொல்லிவிடுவது மரியாதை. நவம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறைகிறது. காட்டுக்குள் அதற்கும் முன்னால் இருட்டிவிடும். மூன்று, மூன்றரைக்கு ஊர் எல்லையில் இருப்பதுபோல நடையைக் கணக்கிட வேண்டும்.

குளியலறையில், தொட்டிக்கு வெளியே சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்ட பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. முடிந்ததும் அதைத் திறந்துவிடக் கூடாது. தருகிற யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. பாய் விரித்த அறையில் செருப்பே கூடாது. கழிவறைக்குத் தனிச் செருப்பு, அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் அந்நியருக்கு விதித்த சட்டங்கள் அல்ல, அந்த வீட்டுக்காரர்கள் அன்றாடம் வாழும் ஒழுங்கு.

இரண்டாம் இரவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழையில் எங்கள் காலணிகள் ஊறியிருந்தன. விடுதி அம்மாள், எழுபதுக்கு மேல் இருக்கும், வாசற்படியில் மண்டியிட்டு உட்கார்ந்து பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒவ்வொரு காலணிக்குள்ளும் நுனிவரை திணித்தார். சாப்பாட்டுக்குப் பின் போய் ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதிய தாளைத் திணித்தார். காலையில் காலணிகள் ஏறக்குறையக் காய்ந்து, முகப்பு வாசலைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. புறப்படும்போது ஃபோனின் மொழிபெயர்ப்பில் பேசிக் காட்டினார்: "இன்றும் மழை. பாசிக்கல்லை மிதிக்காதீர்கள். கல்லுக்குப் பக்கத்து மண்ணை மிதியுங்கள்." பாதை முழுவதற்கும் உதவிய பாடம் இதுதான். கீ தீபகற்பம் ஜப்பானிலேயே கடுமையாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. பழைய பாவுகற்கள் பார்க்க அழகு, ஈரத்தில் வழுக்குப்பாறை. எத்தனை நல்ல காலணி போட்டிருந்தாலும் பக்கத்து மண்ணில் காலை வையுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. அது பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனைச் சீவிக் காய்ச்சியது. மிசோ சூப், வேகவைத்த காய்கறி, தொட்டுக்கொள்ளும் குழம்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாததால் அது சைவமாகிவிடாது. ஆகவே 'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் வேண்டாம். கொம்பு என்ற கடற்பாசியிலோ ஷீத்தாகே காளானிலோ எடுத்த தாஷி சம்மதம் என்று ஜப்பானிய மொழியில் தெளிவாக எழுதி, பதிவு செய்யும்போதே அனுப்ப வேண்டும். போய் இறங்கிய பிறகு சொல்வது அவர்களுக்குப் பெரும் சங்கடம். அக்கம்பக்கத்தில் கடை கிடையாது. பொருள்கள் முன்பே வாங்கி, சமையல் தொடங்கியிருக்கும். சில விடுதிகள் முடியாது என்று பதில் எழுதும். அது நேர்மையான பதில், வேறு விடுதி பார்க்கலாம்.

ஒப்புக்கொண்டவர்கள் அக்காவுக்கு வைத்ததைச் சொல்லாமல் விட மனமில்லை. மலைக்கீரைகளும் காளானும் பொரித்த தெம்புரா, எள் கூழை உறையவைத்துச் செய்த கோமாதோஃபு, உறைய வைத்து உலர்த்திய தோஃபுவைக் கொம்புச் சாறில் வேகவைத்தது, கருணைக்கிழங்கு இனத்துக் கிழங்கில் செய்யும் கொன்யாக்கு, ஊறுகாய் வகைகள், சுடுசோறு. காலையில் சாகாயு: வறுத்த தேயிலை நீரில் அரிசியைக் குழையவிட்ட கஞ்சி. அதன் மேல் உமேபோஷி ஒன்று, அதாவது உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பில் ஊறவைத்தது. தனாபேயும் பக்கத்து ஊரான மினாபேயும் உமே விளையும் ஊர்கள். ஜப்பானின் மொத்த உமே விளைச்சலில் பாதிக்கு மேல் இந்த வகாயாமா மாகாணத்திலிருந்தே வருகிறது. உப்பும் புளிப்பும் நாக்கைச் சுண்டியிழுத்தபோது, மாவடுவைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்ததுபோலவே இருந்தது. அக்கா மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார். வழியில் சாப்பிடுவதற்கு மெஹாரிசூஷி கட்டித் தருவார்கள். கடுகுக்கீரை இனத்து இலையை உப்பில் ஊறவைத்து, அதில் சோற்று உருண்டையைப் பொதிந்தது. உள்ளே மீன் சேர்க்க வேண்டாம் என்று இதற்கும் தனியாகச் சொல்ல வேண்டும்.

தகாஹாராவிலிருந்து சிகத்சுயு வரை நீண்ட காட்டு நடை. பெரும்பகுதி தூரத்துக்குக் கடை இல்லை. தண்ணீரும் உணவும் கையிலிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இருந்த தேநீர்க் கடைகளின் இடங்கள் பலகைகளாக மட்டும் எஞ்சியிருக்கின்றன. காடு என்றாலும் பெரும்பகுதி இயற்கைக் காடு அல்ல. போருக்குப் பின் கட்டட மரத்துக்காக நட்ட தேவதாருவும் ஹினோகியும் வரிசை வரிசையாக நிற்கின்றன. இதை அறிந்து நடந்தால் அடுத்து வரும் சுகிசாகுராவின் அருமை தெரியும்.

சுகிசாகுரா ஓஜியின் படிகளில் நிற்கும் தேவதாரு மரங்கள் வயதில் முதியவை. கிளைகளெல்லாம் ஒரே பக்கம், தெற்கே நாச்சியை நோக்கி நீண்டிருக்கின்றன. ஓஜி என்பவை வழிநெடுகிலும் உள்ள சிறு கோயில்கள்; யாத்திரிகர்கள் ஒவ்வொன்றிலும் நின்று வணங்கிப் போவார்கள். 1906-இல் அரசு ஊர்க்கோயில்களை ஒன்றிணைக்க உத்தரவிட்டது. மூடிய கோயில்களின் மரங்களை வெட்டி விற்றார்கள். தனாபேயில் வாழ்ந்த மினாகாதா குமாகுசு என்ற இயற்கை அறிஞர் அதை எதிர்த்துக் கிளம்பினார். சளிப்பூஞ்சைகளை ஆராய்ந்தவர், லண்டனில் பல ஆண்டுகள் படித்தவர். கோயில் காட்டை அழித்தால் அதைச் சார்ந்த உயிர்களும் ஊராரின் உறவும் சேர்ந்தே அழியும் என்று கடிதம் கடிதமாக எழுதினார். 1910-இல் இதற்காகக் காவலிலும் வைக்கப்பட்டார். சுகிசாகுராவில் பெரும்பாலான மரங்களை வெட்டிவிட்டார்கள். மிஞ்சி நிற்கும் இந்தச் சிலவற்றைக் காத்தது அவருடைய போராட்டம். அந்த மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, இந்த ஒரு மனிதருக்காகவே இங்கே வந்தது தகும் என்று தோன்றியது. படிகளுக்குக் கீழே நொனாக்கா ஊற்று. குளிர்ந்த நீர், குடுவையை நிரப்பிக்கொள்ளலாம்.

இதற்கு அப்பால் 2011 செப்டம்பர் புயலில் மலை சரிந்த பகுதி வருகிறது. இவாகாமி கணவாய்க்குப் பதிலாகச் சுற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள். பழைய வரைபடத்தை நம்பாமல் புதியதை வைத்துக்கொள்ளுங்கள். சிகத்சுயுவிலிருந்து ஹொங்கூ வரை சுமார் 25 கிலோமீட்டர். ஒரே நாளில் நடக்க நல்ல கால் வலு வேண்டும். நாங்கள் நடுப்பகுதியில் பஸ் பிடித்து, மறுநாள் காலை ஹொஷ்ஷின்மோன் ஓஜியிலிருந்து கடைசி 7 கிலோமீட்டரை நடந்தோம்.

அந்தக் கடைசிப் பகுதி எளிது. ஊர்களின் நடுவே, தேயிலைச் செடிகளையும் வயல்களையும் ஒட்டிப் போகிறது. வீட்டு வாசல்களில் ஆளில்லாத சிறு தட்டுக் கடைகள்: உமேபோஷிப் பொட்டலம், ஆரஞ்சு, தேயிலை, கையால் செதுக்கிய பொம்மை. பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. சில்லறை வைத்திருங்கள், வாங்குங்கள்.

ஃபுஷியோகாமி ஓஜியில்தான் ஹொங்கூ முதன்முதலாகக் கண்ணில் படும். யாத்திரிகர்கள் இங்கே விழுந்து வணங்குவார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசவைக் கவிஞராக இருந்த இசுமி ஷிகிபு இங்கே வந்தபோது மாதவிலக்கானதாகக் கதை. கோயிலைப் பார்த்தும் போக முடியவில்லையே என்று வருந்திக் கவிதை எழுதினார். அன்றிரவு குமானோ தெய்வம் கனவில் வந்து, எனக்கு அது தீட்டில்லை, வா என்று கவிதையிலேயே பதில் சொன்னதாம். ஆணும் பெண்ணும், உயர்ந்தவரும் தாழ்ந்தவரும், நோயாளியும் வரலாம் என்பதே குமானோவின் பெருமை. "சாமிக்கு இல்லாத தீட்டை ஆட்கள் எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?" என்றார் அக்கா. நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேருக்குச் சொல்ல வேண்டிய கதை. ஆனால் ஜப்பான் முழுவதும் இப்படி என்று எண்ணிவிடக் கூடாது. இதே தீபகற்பத்தில், இதே உலகப் பாரம்பரியப் பட்டியலிலுள்ள ஓமினே மலைச் சிகரமான சான்ஜோகாதாகேயில் பெண்கள் ஏற இன்றும் தடை இருக்கிறது.

ஹொங்கூ கோயில் இப்போது மேட்டில் இருக்கிறது. முன்பு ஆற்று மணல்திட்டில் இருந்தது. 1889 வெள்ளம் அதன் பெரும்பகுதியை அடித்துச் சென்றது. மேல்நதியில் காடுகளை வெட்டியது வெள்ளத்தின் வேகத்தைக் கூட்டியது என்கிறார்கள். அதே வெள்ளத்தில் வீடிழந்த தொத்சுகாவா மக்கள் பலர் ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்து புதிய தொத்சுகாவா என்றே ஓர் ஊரை அமைத்தார்கள். பழைய இடமான ஓயுனோஹாராவில் 33.9 மீட்டர் உயரத் தொரீ வாயில் நிற்கிறது. பலர் மேட்டுக் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். கீழே இறங்கி மணல்திட்டுக்கும் போங்கள். கட்டடம் இல்லாத அந்த வெட்டவெளியில்தான் இந்த இடத்தின் வரலாறு இருக்கிறது.

அன்றிரவு யுனோமினே வெந்நீர் ஊற்று ஊர். ஒரு சிற்றோடை, இருபுறமும் சில விடுதிகள், ஆவி. ஓடைக்கரையில் 90 டிகிரி வெந்நீர் கொதித்து வரும் தொட்டி. வலைப்பையில் முட்டையும் கிழங்கும் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அக்கா சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்தார். த்சுபோயு என்ற சிறு குளியல் குடிலில் ஒரு குழுவுக்கு அரை மணி நேரம். வரிசை எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். நடந்த கால்களுக்கு அந்த நீரைப்போல் மருந்தில்லை.

ஹொங்கூவிலிருந்து நாச்சிக்கு நடந்தும் போகலாம். அதில் கோகுச்சியிலிருந்து நாச்சி வரையிலான ஓகுமோதோரி பகுதி 14.5 கிலோமீட்டர், பாதையிலேயே கடினமான ஏற்றம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஷிங்கூ வழியாகப் பஸ்ஸில் போய், தைமோன்சாகாவின் கற்படிகளை மட்டும் ஏறலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். 133 மீட்டர் உயர அருவியின் அருகே நிற்கும் செய்கான்தோஜி, இந்தியாவிலிருந்து கடல்வழி வந்து கரையொதுங்கிய துறவி ஒருவர் நிறுவியது என்பது அந்தக் கோயிலின் மரபு.

கிசோவைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே வழி கேட்டுத் திண்டாட வேண்டியதில்லை. எதோவையும் (டோக்கியோவின் பழைய பெயர்) கியோட்டோவையும் மலைவழியாக இணைத்த நாகாசென்தோ சாலையில் 69 தங்கல் ஊர்கள். அதில் 11 கிசோவில். நகோயாவிலிருந்து ரயிலில் நாகாத்சுகாவா, அங்கிருந்து பஸ்ஸில் மகோமே. மகோமேயிலிருந்து சுமாகோவுக்கு சுமார் 8 கிலோமீட்டர். இந்தத் திசையில் நடந்தால் ஏற்றம் குறைவு. வழியில் கரடியை விரட்ட அடிக்கும் மணிகள் உண்டு, கூச்சப்படாமல் அடியுங்கள். சுமாகோ மக்கள் 1971-இல் தங்கள் வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு எழுதிக்கொண்டார்கள். மாலையில் சுற்றுலா வண்டிகள் போனபின் அந்தத் தெருவில் நடந்தால்தான் அந்த முடிவின் மதிப்புப் புரியும். எதோ ஆட்சிக் காலத்தில் இந்தக் காட்டில் ஹினோகி முதலான ஐந்து வகை மரங்களை வெட்டினால் 'ஒரு மரத்துக்கு ஒரு தலை' என்று தண்டனை இருந்ததாம். கூட்டம் வேண்டாதவர்கள் நராயில் தங்கி, தொரீ கணவாய் வழியாக யாபுஹாராவுக்கு நடக்கலாம். உள்ளூர் ரயில்கள் குறைவு. கடைசி ரயிலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரு இடங்களுக்கும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூன் முதல் ஜூலை நடுவரை மழைக்காலம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் தொடக்கம்வரை புயல் வரலாம், புயல் எச்சரிக்கை வந்தால் பாதையில் இறங்கவே கூடாது. கோடைக் கடைசியிலும் இலையுதிர் தொடக்கத்திலும் பெரிய குளவிகள் மூர்க்கமாக இருக்கும்; கறுப்பு உடையையும் வாசனைப் பூச்சையும் தவிர்க்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வரும் நீண்ட விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை இரண்டும் உள்ளூர்க் கூட்டம் நிறைந்தவை. சிறு விடுதிகளில் நான்கைந்து அறைகள்தாம்; பல மாதங்கள் முன்பே நிரம்பிவிடும். எனவே முதலில் அறைகள், பிறகு விமான டிக்கெட். தகாஹாரா, சிகத்சுயு, யுனோமினே மூன்றிலும் அடுத்தடுத்த இரவுகள் கிடைக்கும் தேதியைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் அமையுங்கள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். அக்கா ஏறுவதைவிட இறங்குவதைத்தான் அதிகம் பழகினார்.